காலையில் மட்டும் வரும் நீலப் புகை: என் பெட்ரோல் கார் அனுபவம்

தூத்துக்குடியில் இருக்கும் நண்பருக்கு என் கார் மாடலிலேயே ஒரு பழைய வண்டி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. வால்வ் சீல் (இன்ஜின் வால்வ் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற சின்ன ரப்பர் வளையம்) மாற்றி என் வண்டி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மைலேஜிலோ இழுவையிலோ குறையே இல்லை. சித்திரை வெயிலில் கயத்தாறிலிருந்து நாங்குநேரி வரை ஏசியை முழுசாகப் போட்டு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையாது. என்னைப் பாடாய்ப் படுத்தியது புகை ஒன்றுதான்.

ராத்திரி நிறுத்திவைத்த வண்டியைக் காலம்பற ஸ்டார்ட் செய்தால், சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு குப் புகை. கருகிய ஆயில் வாடை காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றி நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும், அப்புறம் நாள் முழுக்கச் சுத்தம். ஆனால் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அடுத்த சர்வீஸுக்கு முன்னாலேயே ஆயில் இறங்கியிருக்கும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "இன்ஜின் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, போர் போட்டு ரிங் மாத்தணும்" என்றார்கள். அதாவது சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் வளையங்களை மாற்றுவது. இன்னொரு இடத்தில் கட்டி ஆயில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினால் புகை கொஞ்ச நாள் மறையலாம், கோளாறு அப்படியேதான் இருக்கும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வழியாக ஆயில் உள்ளே போகிறது என்று பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. போர் போடச் சொல்வது சின்னச் செலவா? ஒரு குடும்பத்தின் சேமிப்பே போய்விடும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்தான் முதல்முறையாகச் சரியான கேள்வியைக் கேட்டார். "புகை எப்பம் வருது? ஏத்தத்துல மிதிக்கும்போதா, இறக்கம் முடிஞ்சு மிதிக்கும்போதா?"

ரிங் தேய்ந்திருந்தால் பாரம் இழுக்கும்போதெல்லாம் புகையும். வால்வ் சீல் போயிருந்தால் கதை வேறு. ராத்திரி முழுக்க, சிலிண்டருக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹெட்டில் இருக்கிற ஆயில் வால்வ் தண்டு வழியாகச் சொட்டிச் சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது எரியும். இறக்கத்திலும் அப்படித்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கினால், இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து மிதித்ததும் ஒரு குப்.

பாபநாசம் மலைமேல் இருக்கிற சொரிமுத்தய்யன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இதைச் சோதித்தோம். பின்னால் மச்சான் அவர் வண்டியில் வந்தார். மலைப்பாதை முழுக்கப் புகையே இல்லை. பாபநாசம் செக்போஸ்ட் தாண்டிச் சமதளத்தில் மிதித்தேன். "மச்சான், உங்க வண்டியே தெரியல, ஒரே நீலம்" என்று போன் போட்டார்.

மெக்கானிக் அதோடு விடாமல் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று பார்த்தார். நாலு சிலிண்டரிலும் அளவு நெருக்கமாக நின்றது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். முள் பெரிதாக ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவைத் தூக்கிக் காட்டியிருக்கும். ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி வால்வ் உள்ளே விழாதபடி நிறுத்திக்கொண்டு, சீல்களை ஒவ்வொன்றாக மாற்றினார். பழைய சீல் ஒன்றை என் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நுனியளவுகூட இல்லை. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை, புளியங்கொட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. அதன் உள்விளிம்பில் மெல்லிய வெடிப்பு. புதியதை அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது.

மற்ற நிறங்களையும் நண்பருக்காகச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் காலையில் சைலன்சர் வெள்ளையாக ஆவி விட்டுத் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்து, இனிப்பான வாடை அடித்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் தகட்டைப் பார்க்கணும். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்ரோல் வண்டிக்கு அங்கே அளப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். அதுவும் வண்டி சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது. என் வண்டி இத்தனை நீலப் புகையோடும் ஒவ்வொரு முறையும் பாஸ்.

இப்போது காலையில் புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் இறங்கவில்லை. நல்ல வண்டி, நான் விற்கப்போவதில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதீங்க. நாங்கள் இருவருமே சம்பளக்காரர்கள். பானெட்டைத் திறக்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் நான் அலைந்த அலைச்சலை அவரும் அலைய வேண்டாம்.

மனசு கேட்காமல் பார்க்கப் போனால், காலம்பறவே போங்க. முந்தின நாளே விற்கிறவருக்கு போன் போட்டு, நான் வாற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிருங்க. போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் அப்படியே திரும்பிவிடலாம்.