மட்டக்களப்பில் மாமாவின் காரும் ஓர் ஊளைச் சத்தமும்

மாமாங்கேஸ்வரரின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக லண்டனிலிருந்து ஊருக்கு வந்து, கல்லடியில் மாமா வீட்டில் இரண்டு கிழமை தங்கியிருந்தேன். மாமாவின் கார் 1990களில் ஜப்பானில் செய்யப்பட்டது. நான் போன மறுநாள் காலை அதை ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் பக்கமிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று கேட்டது. காரை நியூட்ரலில் நிறுத்தி அக்சிலேற்றரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறியது. கிளச்சை மிதித்தபோது எந்த மாற்றமும் இல்லை. ஆகவே சில்லிலோ கியர்ப் பெட்டியிலோ அல்ல, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பாகம் ஒன்றில்தான் கோளாறு என்பது எனக்கு விளங்கியது. கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓட வேண்டியிருந்ததால், அதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் போன கராஜில் இருந்தவர் நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை, பற்றரிக்கு மின்னேற்றும் ஒல்டனேற்றரில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டுவிட்டு, "ஒல்டனேற்றர் போயிற்று, மாற்ற வேண்டும்" என்றார். பெல்ட் எதையும் அவர் கழற்றவில்லை. திருப்புளியால் கேட்பது நல்ல முறைதான். ஆனால் பாகங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே இரும்புத் தாங்கியில் பூட்டப்பட்டிருக்கும்போது, ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் உடலிலும் கேட்கும் என்பதால், அதை மட்டும் நம்பி ஒரு பெரிய பாகத்தை மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரிய லயிற்றையும் பின்கண்ணாடிச் சூடாக்கியையும் போட்டு ஒல்டனேற்றருக்குச் சுமை கூட்டிப் பார்க்கும்படி கேட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. அவர் தன் முடிவை மாற்றவில்லை, நாங்கள் திரும்பிவிட்டோம்.

மாமாவுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரின் சிறிய கராஜ் ஆரையம்பதிப் பக்கம் இருந்தது. அவர் முதலில் ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்களின் வரிப்பள்ளங்களில் சிறிது சிறிதாகத் தெளித்தார். பெல்ட் வழுக்குவதால் கீச்சிட்டால் தண்ணீர் பட்டதும் அந்தச் சத்தம் மாறும். இங்கே ஊளை சற்றும் மாறவில்லை. பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொன்னார். பவர் ஸ்டியரிங் பம்பில் கோளாறு இருந்தால் அந்த நேரத்தில் சத்தம் வலுக்கும், அதுவும் நடக்கவில்லை. ஏசியைப் போட்டபோது மட்டும் ஊளை கொஞ்சம் தடித்தது.

"பெல்ட்டக் கழட்டிப் பாப்பம் மனே, அப்பதான் உண்மை தெரியும்" என்றார். அந்தக் காரில் மூன்று பெல்ட்கள் இருந்தன: ஒன்று ஒல்டனேற்றருக்கும் தண்ணீர்ப் பம்புக்கும், ஒன்று பவர் ஸ்டியரிங்கிற்கு, மற்றது ஏசிக்கு. தண்ணீர்ப் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடுவது ஆபத்து, சூடேறிவிடும்; ஏசி பெல்ட்டைக் கழற்றுவதால் எஞ்சினுக்கு எந்தக் கேடும் வராது. அதனால் அதையே முதலில் கழற்றினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது ஊளை அறவே இல்லை. மாமா போனெற்றின் மேல் கையை ஊன்றியபடி, கேட்டது சரிதானா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த பெல்ட் ஓடும் புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினார். ஏசியின் கொம்பிரசர் புல்லி சத்தமில்லாமல் சுற்றியது. பெல்ட்டை இறுக்கும் சிறிய ஐட்லர் புல்லியை விரலால் தட்டிவிட்டதும், அது சரசரவென்று உலர்ந்த ஒலியோடு நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. புல்லியின் நடுவில் இருந்து அதைச் சுழலவிடும் பெயாரிங்கில் கிரீஸ் இருந்தால் அது அப்படி ஓடாது, பிடித்துப் பிடித்துச் சுற்றி விரைவில் நின்றுவிடும் என்று சொல்லி, என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவது போன்ற நொறுநொறுப்பு விரல் நுனியில் தெரிந்தது. கடற்கரை மணலும் உப்புக்காற்றும் கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும் ரப்பர் மூடி தேய்ந்த பெயாரிங்கை எவ்வளவு விரைவாகத் தின்றுவிடும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

புல்லி முழுவதையும் மாற்றத் தேவையில்லை என்று அவர் சொன்னது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. பெயாரிங்கைத் தட்டி எடுத்து, விளிம்பைத் துணியால் துடைத்து இலக்கத்தைக் காட்டினார்: 6203. உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, தடிப்பு 12. உலகம் முழுவதும் ஒரே அளவில் கிடைப்பது என்பதால், காரின் பெயரைச் சொல்லி அலையாமல், இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்கிவரும்படி என்னை நகருக்கு அனுப்பினார். இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. அவர் அதைப் பூட்டி, பெல்ட்டை அளவாக இறுக்கினார். கூடுதலாக இறுக்கினால் புதிய பெயாரிங்கும் கொம்பிரசரின் பெயாரிங்கும் சேர்ந்து கெடும் என்பதால், பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்த பின்னரே நட்டை முறுக்கினார்.

ஒல்டனேற்றரையும் விட்டுவைக்கவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி அதன் புல்லியைச் சுற்றிப் பார்த்தார்; பெல்ட்டைத் திரும்ப இறுக்கி எஞ்சினை ஓடவிட்டபோது மீற்றரில் 14.1 வோல்ட் காட்டியது. வோல்ட் சரியாக இருப்பதால் மட்டும் பெயாரிங் நல்லது என்று சொல்ல முடியாது, கையால் சுற்றிப் பார்த்ததுதான் சாட்சி என்றார். அந்த பெல்ட்டில் குறுக்கு வெடிப்புகள் தொடங்கியிருந்ததைக் காட்டி, மாரி மழைக்கு முன் மாற்றிவிடும்படி மாமாவிடம் சொன்னார்.

கழற்றிய பெயாரிங்கை, நாங்கள் கேட்காமலே, பத்திரிகைத் தாளில் சுற்றி என் கையில் தந்தார். மறுநாள் காலை காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாறு வழியாகக் கல்முனைக்கு ஏசியோடு போய் வந்தோம். எஞ்சின் பக்கமிருந்து வேறெந்தச் சத்தமும் எழவில்லை. அந்த இலக்கத்தை மாமா காரின் சேர்விஸ் கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறார்.