பழைய ஆழ்கடல் மீன்பிடிப் படகு: எந்த ஹல் அலையில் எப்படி ஓடும்?

இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய மீன்பிடிப் படகைப் பார்க்கப் போனால், விற்பவர் முதலில் சொல்வது எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு. அடுத்தது, "அந்தக் காலத்து ஹல், அலையில போறதே தெரியாது." இந்த இரண்டாவது பேச்சில் பாதி உண்மை உண்டு. எந்த ஹல் (படகின் உடற்கூடு), எந்தப் பக்கத்து அலை, என்ன வேகம், இன்றைக்கு அதில் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

22 அடி முதல் 31 அடி வரையிலான பழைய படகுகளில் பெரும்பாலும் கைமாறுவது நான்கு வகை. அடிப்பாகம் ஆங்கில V எழுத்துப்போல் கூர்மையாகச் சரிந்த டீப்-வி, சாய்வு இடத்துக்கு இடம் மாறும் வி, இரட்டை ஹல் கட்டமரான், அப்புறம் நீண்ட ஏராவோடு (அடியின் நடுவே நீளவாக்கில் போகும் முதுகெலும்பு) நிதானமாக ஓடும் செமி-டிஸ்பிளேஸ்மென்ட் வகை. கடைசி வகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

டீப்-வி: எதிரலையில் ராஜா, நின்றால் தொல்லை

ஹல்லின் அடிப்பாகம் ஏராவிலிருந்து ஓரத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் டெட்ரைஸ். டிரான்சத்தில் (படகின் பின்சுவர்) அது 20 டிகிரியைத் தாண்டினால் டீப்-வி என்பார்கள். தண்ணீரில் விழும்போது அகலமான பரப்பு ஒரே நேரத்தில் மோதாமல், ஏராவில் தொடங்கி ஓரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக நனைவதால் அடி பரவிப் போகிறது. அதே அலையில் தட்டையான அடி 'டமார்' என்று இறங்கும் இடத்தில், இது 'ஹுஷ்' என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹண்ட். வேடிக்கை என்னவென்றால், 1958இல் விற்பனைக்கு வந்த 13 அடி பாஸ்டன் வேலரும் அவர் வடிவமைத்ததுதான். அது இதற்கு நேர் எதிர்: நிற்கும்போது பாறை மாதிரி நிற்கும், அலையில் ஓட்டினால் பல்லை ஆட்டும். அதே காலத்தில் அவருடைய டீப்-வி படகு ஒன்றைப் பார்த்து மயங்கிய படகு வணிகர் ரிச்சர்ட் பெர்ட்ராம், 30 அடியில் 'மாப்பி' என்ற மரப்படகைக் கட்டி 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோ வரையிலான படகுப் பந்தயத்தில் இறக்கினார். கடல் அன்றைக்கு மோசம். மாப்பி ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் கரை சேர்ந்தது. அன்றைக்கே முடித்த இன்னொரு படகும் டீப்-வி தான். மற்றவை மறுநாள்தான் வந்தன. அந்த மாப்பியிலிருந்து பிறந்ததுதான் ஃபைபர் கிளாஸில் வந்த பெர்ட்ராம் 31. இன்றைக்கும் பழைய படகுப் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தப் பெயரில்தான் வந்து நிற்கும்.

சரி, ஆனால் பெர்ட்ராம் 31இன் சுகத்துக்குக் காரணம் சுமார் 23 டிகிரிச் சாய்வு மட்டும் இல்லை. அதன் எடை நாலரை டன்னுக்கு மேல். கனமான படகு அலையால் எளிதில் தூக்கி எறியப்படாது. அந்தக் காலத்தில் ஃபைபரைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டார்கள். இப்போது வரும் இலகுவான படகுகள் அதே டிகிரியை விளம்பரத்தில் போட்டுக்கொண்டாலும் அதே மாதிரி ஓடாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதே பெர்ட்ராமை எஞ்சின் அணைத்து, அலைக்குப் பக்கம் காட்டி மிதக்க விடுங்கள். உருளும். நிதானமாக அல்ல, வெடுக் வெடுக்கென்று. கூர்மையான அடி என்றால் முதல் சாய்வைத் தடுக்க ஓரத்தில் போதுமான மிதப்பு இருக்காது. படகின் மேல்தளத்தில் நின்று ஓட்டும் அமைப்பு இருந்தால் மேலே நிற்பவருக்கு அது இரட்டிப்பு. போதாக்குறைக்கு, காற்று பக்கவாட்டில் அடித்தால் தெறிக்கும் தண்ணீரெல்லாம் முகத்துக்கு வரும். பழைய டீப்-விக்களின் அணியத்தில் (முன்முனை) வெளிப்பக்கமாக விரியும் வளைவு குறைவு. அப்போதெல்லாம் நனைவது மீன்பிடித் தொழிலின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள் போல.

சாய்வு மாறும் வி: ஓட்டத்துக்கும் நிற்புக்கும் நடுவே

மீன்பிடிப் படகு நாளில் பாதி நேரம் ஓடவே ஓடாது. தூண்டில் போட்டு மிதக்கும், மெதுவாக இழுவைத் தூண்டில் இழுக்கும். அந்த நேரத்துக்கும் கணக்குப் போட்டவைதான் இந்த வகை.

இதில் இரண்டு வழிகள் உண்டு. வடிவமைப்பாளர் கார்ல் மோஸ்லி 1960களில் சீகிராஃப்ட் படகுகளில் செய்தது ஒன்று: அடிப்பாகத்தை நீளவாக்கில் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒவ்வொரு சாய்வு. அதனால்தான் 8 அடி அகலமே உள்ள 23 அடி சீகிராஃப்டுக்கு இன்றைக்கும் ஆட்கள் வரிசை கட்டுகிறார்கள். வெறும் கூட்டை வாங்கி, எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு வழி, ஹண்டின் நிறுவனம் கிரேடி-ஒயிட் என்ற படகு நிறுவனத்துக்காக வடிவமைத்த சீ-வி2 ஹல். அதில் முன்பாகம் நன்றாகக் கூர்மை, பின்னே போகப் போகச் சாய்வு இடைவிடாமல் குறைந்து, டிரான்சத்தில் 20 டிகிரியை ஒட்டி முடியும்.

எதிரலையில் நல்ல டீப்-வியைவிட இவை ஒரு படி கீழே. அதில் வாதாட எதுவும் இல்லை. ஆனால் ஒரு படிதான். அதுவும் வேகம் ஏறினால்தான் வித்தியாசம் உறைக்கும். அலை மோதும் அடியின் விசை, படகின் வேகத்தைவிட வேகமாக ஏறும். ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப என்று வைத்துக்கொண்டால், 20 நாட்டில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வாங்கும் அடி 28 நாட்டில் இரட்டிப்பாகும். டீப்-வி 24 நாட்டில் போகிற கடலில் சாய்வு மாறும் வியை 21இல் ஓட்டினால் முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான். நின்று மீன் பிடிக்கும் நேரத்திலோ நிலைமை தலைகீழ்.

இங்கே கையால் தொட்டுப் பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. டிரெய்லரில் நிற்கும் படகின் பின்னால் குனிந்து, ஓரத்தில் ஹல்லின் பக்கமும் அடியும் சேரும் இடத்தைத் தடவுங்கள். அதுதான் சைன். நான்கைந்து விரல் அகலத்துக்குத் தட்டையாக, வெளிவிளிம்பு லேசாகக் கீழ்நோக்கி மடிந்திருந்தால், அது தெறிக்கும் தண்ணீரையும் அடக்கும், நிற்கும்போது உருளலையும் குறைக்கும். கூர்மையாக வந்து ஒன்றும் இல்லாமல் முடிந்தால் இரண்டுக்கும் உதவி இல்லை. அப்படியே கைப்பேசியில் உள்ள மட்டக்கருவியை அடிப்பாகத்தில் வைத்துச் சாய்வையும் அளந்துவிடலாம். டிரெய்லர் சமதளத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. விளம்பரத்தில் போட்ட டிகிரிக்கும் இதற்கும் சில சமயம் சம்பந்தமே இருக்காது. அணியத்துக்குப் பக்கத்தில் அளந்த எண்ணைப் பெருமையாகப் போடுபவர்களும் உண்டு.

கட்டமரான்: பிடித்தால் பிடிக்கும்

நடுத்தர வேகத்தில், குட்டைக் குட்டையாக வரும் எதிரலையில், நல்ல கட்டமரானுக்கு ஈடு கிடையாது. இரண்டு ஒல்லியான ஹல்களும் அலையை வெட்ட, நடுச் சுரங்கத்தில் மாட்டும் காற்று கொஞ்சம் மெத்தையாக இருக்கும். நின்றால் அகலத்தால் உருளல் குறைவு. ஆனால் எடையைப் பொறுக்காது. ஐஸ், மீன், எரிபொருள், ஆட்கள் என்று நிரப்பினால் சுரங்கத்தின் கூரை தண்ணீருக்கு நெருங்கி, அலை அதில் போய் அறையும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். சில படகுகளில் சுரங்கத்திலிருந்து சாரல் முன்னால் பீய்ச்சி, காற்று அதைத் திருப்பி உங்கள்மேலேயே போடும். வளைத்துத் திருப்பும்போது உள்பக்கம் சாயாமல் வெளிப்பக்கம் சாயும் பழைய கட்டமரான்களும் உண்டு. ஒற்றை ஹல்லில் பழகிய உடம்புக்கு அது வயிற்றைக் கலக்கும்.

என் கருத்து: இதை ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. மற்ற வகைகளை வடிவத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம், இதை முடியாது.

நான்காவது வகை செமி-டிஸ்பிளேஸ்மென்ட். 10 முதல் 14 நாட்டில் போவதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால், அலையின் மோதல் பெரிதாகத் தெரியாத பயணம். உருளல் உண்டு, ஆனால் மெதுவான உருளல். மீன் இருக்கும் இடம் வெகுதூரம் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தில் உள்ள ஹல்லும் இப்போது மிதக்கும் ஹல்லும்

வகைகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஒரே மாடலில் இரண்டு பழைய படகுகள் இரண்டு விதமாக ஓடும்.

முதல் காரணம் எஞ்சின் மாற்றம். 1980களின் 200 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஏறக்குறைய 180–200 கிலோ. அதற்குப் பின் வந்த வி6 ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் சில 260 கிலோவைத் தாண்டின. இரண்டை மாட்டினால் நூறு கிலோவுக்கு மேல் கூடுதல், அதுவும் படகின் கடைக்கோடியில். அதை டிரான்சத்துக்கு வெளியே பிராக்கெட்டில் தொங்கவிட்டால் இன்னும் இரண்டடி பின்னுக்கு. விளைவு, பின்பாகம் அமிழ்ந்து, அணியம் தூக்கி, கூர்மையான முன்பாகம் வெட்ட வேண்டிய அலையைத் தட்டையான நடுப்பாகம் வாங்குகிறது. அப்புறம் "இந்த மாடலே அடிக்கும்" என்று ஹல்லின்மேல் பழி. நிற்கும்போது தளத்து நீர் வடியும் துளைகள் தண்ணீருக்குள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஊறிய எடை. தளத்துக்கு அடியில் உள்ள நுரையும், உள்ளே தாங்கும் விட்டங்களின் ஒட்டுப்பலகையும், பால்சா மர உள்ளீடும் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கலாம். இங்கேதான் ஒரு முரண்: ஊறிய படகு கனமாக இருப்பதால் சில சமயம் உண்மையிலேயே சுகமாக ஓடும்! விற்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. உலர்த்திச் சரிசெய்த பிறகு அதே படகு துள்ள ஆரம்பிக்கும்.

மூன்றாவது, ஓட்டும் விதம். எதிரலையில் டிரிம் டேப்பை (டிரான்சத்தின் கீழே ஏற்றி இறக்கும் சிறு தகடு) இறக்கி அணியத்தைத் தாழ்த்தினால் சாதாரண வி கூட மரியாதையாக ஓடும். அதையே பின்னால் வரும் அலையில் செய்தால் அணியம் முன் அலைக்குள் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அங்கே டேப் மேலே இருக்க வேண்டும். டேப் இல்லாத பழைய டீப்-வியையும் டேப் உள்ள சாய்வு மாறும் வியையும் ஒரே நாளில் ஓட்டி, இரண்டாவதுதான் நல்ல ஹல் என்று முடிவு கட்டுவது நியாயம் இல்லை.

தேர்வு என்னுடையது என்றால், தினமும் நீண்ட தூரம் எதிர்க்காற்றில் ஓடுபவருக்கு டீப்-வி, அதுவும் கனமானது. நிறுத்தி மீன் பிடிப்பதே பிரதானம், கூட வருபவர்களுக்குத் தலைசுற்றும் என்றால் யோசிக்காமல் சாய்வு மாறும் வி. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவரும் இரண்டாவதையே எடுக்கலாம்.

எதுவானாலும், வெள்ளோட்டம் பார்க்கும்போது எரிபொருள் தொட்டியைக் கேளுங்கள். 500 லிட்டர் பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 370 கிலோ. கால் தொட்டியில் ஓட்டிய படகும் நிரம்பிய தொட்டியில் ஓட்டிய படகும் வேறு வேறு. நான்கு திசையிலும் ஓட்டுங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா மிதந்து, தொடையைப் பக்கச் சுவரில் முட்டுக்கொடுக்காமல் தூண்டிலில் முடிச்சுப் போட முடிகிறதா என்று பாருங்கள். விற்பவர் "இன்னைக்குக் கொஞ்சம் அலையா இருக்கு, கடல் அடங்கட்டும், ஞாயித்துக்கிழமை வாங்க" என்றால், ஆபத்தான காற்று இல்லாத வரை, இன்றைக்கே போகலாம் என்று சொல்லிவிடுங்கள்.