இருட்டாக வரும் ஏலப் படங்கள்: மென்பொருளில் சரிசெய்வதா, கேமராவிலேயே சரிசெய்வதா?

பழைய கேமரா, தோல் பை, கைக்கடிகாரம், பீங்கான் கோப்பை என்று வீட்டில் சும்மா கிடப்பதை ஆன்லைன் ஏலத்தில் போடுகிறவர்களுக்கு முதலில் வரும் தொல்லை, படம் இருட்டாக இருப்பது. அதைச் சரிசெய்ய வழி பல. மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டலாம், ஃபிளாஷ் போடலாம், விளக்கு வாங்கலாம், கேமராவின் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு அது எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவை, ஏற்றி மறுபடி எடுக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் கேமரா பக்கம் வந்து நிற்கிறேன். மென்பொருள் இப்போது எனக்குக் கடைசித் தட்டலுக்கு மட்டும்தான். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எது சரி என்று பார்ப்பதற்கு முன், படம் ஏன் இருட்டாகிறது என்று தெரியவேண்டும். அறையில் வெளிச்சம் போதாததால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி நேரம் காரணம் அது இல்லை. வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் பொருளை வைத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்தாலும் தாள் அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். கேமராவின் ஒளிமானிக்கு எதிரில் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக, ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பாகக் கருதியே அது கணக்குப் போடுகிறது. வெள்ளைத் தாள் 90 சதவீதத்தைத் திருப்பியனுப்பும். ‘அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா’ என்று கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. தாள் சாம்பலாகிறது. தாளின் மேல் இருக்கும் கறுப்புப் பொருள் மூக்கும் முழியும் தெரியாத ஒரு கட்டியாகிறது.

அதாவது, கேமரா கெட்டுப்போகவில்லை. தப்பாக ஊகித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகத்தைத் திருத்துவதற்கென்றே கேமராவில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஃபிளாஷ். சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் நேருக்கு நேர் அடிக்கும். கடிகாரக் கண்ணாடியிலும் பளபளப்பான தோலிலும் வெள்ளைப் பொட்டு விழும். வாங்குகிறவர் பார்க்க விரும்பும் கீறல் சரியாக அந்தப் பொட்டுக்கு அடியில் இருக்கும். வெள்ளைப் பின்னணியைப் பார்த்து ஏமாறுவதில் ஃபிளாஷும் குறைந்ததில்லை.

ஒளிக்கூடாரம் நல்ல பொருள்தான். வெள்ளைத் துணிப் பெட்டி, இரு பக்கமும் விளக்கு, நிழல் மென்மையாக விழும். நான் அதில் கைக்கு அடங்கும் பொருள்களை மட்டுமே எடுத்திருக்கிறேன், பெரிய பொருள்களுக்கு எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். கூடாரத்துக்குள் எல்லாப் பக்கமும் வெள்ளை. எக்ஸ்போஷரைத் திருத்தாமல் எடுத்தால் அங்கேயும் படம் இருட்டாகத்தான் வரும். கூடாரம் வாங்கியும் படம் மங்கல் என்று புலம்புகிறவர்கள் பலருக்கு விஷயம் இதுதான்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். ஃபோட்டோஷாப், கிம்ப், இர்ஃபான்வியூ, ஃபோனில் ஸ்னாப்சீட் என்று எதை எடுத்தாலும் இருட்டுப் படத்தைத் தூக்கிவிடக் கருவி இருக்கிறது. இதில் கிம்ப் இலவசம், இர்ஃபான்வியூவும் வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம், ஆகவே செலவு ஒரு காரணமே இல்லை. எந்தக் கருவியைத் தொடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரைட்னஸ், ஆட்டோ, லெவல்ஸ் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். செய்வது வேறு வேறு.

மென்பொருள் வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், இருட்டைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும் என்பது. வருவது உண்மைதான். இருட்டுப் பகுதியில், கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாருக்குக் கிடைத்த ஒளியே கொஞ்சம், அதைப் பெருக்கும்போது குப்பையும் சேர்ந்து பெருகும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், அந்தக் கட்டங்களும் சில சமயம் எட்டிப் பார்க்கும். ஆனால் ஏலப் படத்துக்கு இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்றுதான் சொல்வேன். ஈபே தளம் படத்தின் நீண்ட பக்கம் குறைந்தது 500 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது, 1600 இருந்தால் நல்லது என்கிறது. 12 மெகாபிக்சல் கேமராவின் படம் 4000 பிக்சல் அகலம். அதை 1600-க்குச் சுருக்கினால் ஆறு பிக்சலுக்கு மேல் சேர்ந்து ஒன்றாகிறது, பாதி நாய்ஸ் அதிலேயே கரைந்துவிடும். கீறலைக் காட்ட ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போடும்போதுதான் பிரச்சினை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது நிறம். ஏலத்தில் வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை, படத்தை நம்பிப் பணம் கட்டுகிறார். பெட்டியைத் திறந்ததும் ‘படத்தில் பழுப்பு, வந்திருப்பது மெரூன்’ என்றால் பொருள் திரும்பி வரும். ‘விவரித்தபடி இல்லை’ என்று அவர் சொன்னால், நம் பக்கம் வாதாட அந்தப் படத்தைத் தவிர எதுவும் இருக்காது.

மெரூன் நிறத் தோல் பை ஒன்று, வெள்ளைத் தாளின் மேல், இருட்டாக வந்திருக்கிறது என்று வையுங்கள். பையின் மேல் ஒரு புள்ளியில் சிவப்பு 60, பச்சை 35, நீலம் 30 (0 முழுக் கறுப்பு, 255 முழு வெளிச்சம்). சிவப்பு நீலத்தைப்போல இரண்டு மடங்கு. அந்த விகிதம்தான் அதை மெரூனாகக் காட்டுகிறது.

பிரைட்னஸ் ஸ்லைடரைத் தள்ளுகிறீர்கள். எளிய மென்பொருள்களில் அது மூன்றோடும் ஒரே எண்ணைக் கூட்டும். 60 கூட்டினால் 120, 95, 90. வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் சிவப்பு இப்போது நீலத்தைப்போல ஒன்றே கால் மடங்கு சொச்சம்தான். மெரூன் போய், வெயிலில் பல வருஷம் கிடந்த பழுப்புச் சாம்பல் வந்து நிற்கிறது. கறுப்பு வார்ப்பூட்டும் சாம்பலாகிவிடும். படத்தின்மேல் பால் தெளித்ததுபோல் ஒரு வெளிறல் தெரிகிறதே, அது இதுதான். ஃபோட்டோஷாப் 2007-இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலேயே இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. இன்னும் மாறாத மென்பொருள்கள் உண்டு.

அடுத்து லெவல்ஸ். கிம்ப்பில் நிற மெனுவில் இருக்கிறது. படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று மேடுகளாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்துக்குக் கீழே மூன்று முக்கோணங்கள், இடது கறுப்புக்கு, வலது வெள்ளைக்கு, நடுவில் இருப்பது காமா, இடைப்பட்ட வெளிச்சத்துக்கு. பெரும்பாலோர் நடுவில் இருப்பதை இழுப்பார்கள், பலன் உடனே கண்ணில் படும் என்பதால். காமாவை 1.5 ஆக்கினால் நம் புள்ளி ஏறத்தாழ 97, 68, 61 ஆகிறது. பிரைட்னஸைவிட எவ்வளவோ தேவலை, கறுப்பு கறுப்பாகவே நிற்கும். ஆனாலும் இரண்டு மடங்காக இருந்தது 1.6 மடங்காகிவிட்டது. நிறம் கொஞ்சம் செத்துவிடுகிறது. உடனே சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டத் தோன்றும். அங்கே ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, பையின் உண்மையான நிறம் எதுவென்று கண்ணுக்கே மறந்துபோகும்.

வலது முக்கோணத்தை, ஹிஸ்டோகிராமின் வலது மேடு முடியும் இடம்வரை இடப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். இது கூட்டுவதில்லை, பெருக்குகிறது. இரண்டால் பெருக்கினால் 120, 70, 60. விகிதம் அப்படியே இருக்கிறது, மெரூன் மெரூனாகவே இருக்கிறது. தாளும் வெள்ளையாகிறது. எடுத்து முடித்த படத்தை மென்பொருளில் மீட்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். காமாவைத் தொடவேண்டி வந்தால் இதற்குப் பிறகு, கொஞ்சமாக.

ஆட்டோ பொத்தானை நான் நம்புவதில்லை. கிம்ப்பின் தானியங்கி லெவல்ஸும் ஃபோட்டோஷாப்பின் ஆட்டோ டோனும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுக்கின்றன. படத்தில் வெள்ளை, கறுப்பு, பல நிறம் எல்லாம் கலந்திருந்தால் நன்றாகவே செய்யும். மெரூன் பை மட்டும் படத்தை நிறைத்திருந்தால், ‘சிவப்பு அதிகமாக இருக்கிறதே’ என்று அதற்குப் பட்டு, மற்ற இரண்டையும் ஏற்றிவிடும். ஒரே பையின் நான்கு படங்கள் நான்கு நிறத்தில் வரும். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

மென்பொருள் வழியில் இன்னொரு ஓட்டை, திரை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு லேப்டாப்பில் உட்கார்ந்தால் படம் பளிச்சென்று தெரியும், போதும் என்று விட்டுவிடுவோம். அதே படம் பகலில் ஒருவர் ஃபோனில் பார்க்கும்போது மங்கலாக இருக்கும். திரையை நம்பாமல் எண்களைப் பார்ப்பது மேல். வெள்ளைத் தாளின் மேல் நிறம் எடுக்கும் கருவியை வைத்தால் மூன்று எண்ணும் 235 முதல் 245 வரை, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கவேண்டும்.

இனி அந்தப் பொத்தான். பிளஸ்-மைனஸ் என்று இரண்டு குறி சேர்த்துப் போட்டிருக்கும், பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். முழு ஆட்டோவில் பல கேமராக்களில் இது வேலை செய்யாது, பி என்ற நிலைக்கு மாற்றவேண்டும். பிளஸ் 1 என்றால் ஒளி இரட்டிப்பு. கணக்கு எளிது. கேமரா தாளை 18 சதவீதத்தில் வைக்கிறது. பிளஸ் 1-இல் அது 36, பிளஸ் 2-இல் 72. தாள் மட்டுமே இருந்தால் பிளஸ் 2 தாராளமாகத் தாங்கும். ஆனால் படத்தின் ஒரு பகுதியை இருண்ட பொருள் அடைத்துக்கொண்டிருப்பதால் கேமரா அவ்வளவு தூரம் ஏமாறுவதில்லை. நான் பிளஸ் 1-இல் தொடங்கி, ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தடவைக்கு 1/3 வீதம் ஏற்றுவேன். பெரும்பாலும் பிளஸ் 1-க்கும் 1.7-க்கும் நடுவில் எங்காவது நின்றுவிடும். மேடு வலது சுவரில் முட்டி நசுங்கினால் ஒரு படி இறக்கவேண்டும். வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அந்த விஷயத்தில் இருட்டுப் படம் எவ்வளவோ மேல்.

இப்படி எடுத்தால் மெரூன் அதற்குரிய இடத்தில், அதற்குரிய விகிதத்தில் கேமராவிலேயே பதிவாகிறது. யாரும் எதையும் பெருக்கவேண்டியதில்லை. மடிப்புகளுக்குள் இருக்கும் தையல், தேய்ந்த ஓரம் எல்லாம் தெரியும். இன்னொன்று, ஒருமுறை வைத்த அமைப்பு அந்தப் பையின் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். பக்கவாட்டு, அடிப்பக்கம், உள்பக்கம் எல்லாம் ஒரே நிறத்தில் வரும். அருகில் போய் எடுக்கும்போது பை படத்தை நிறைத்துவிட்டால் மட்டும் பிளஸைக் குறைக்கவேண்டும், அப்போது தாள் இல்லை, வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாறுவதும் இல்லை.

இதற்கும் விலை உண்டு. ஒளியைக் கூட்ட கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கும், 1/30 நொடி 1/15 ஆகும், கை ஆடும். டிரைபாட் இல்லாவிட்டால் புத்தக அடுக்கின்மேல் வைத்து 2 நொடி டைமரில் எடுக்கலாம். சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானாக ஏற விடாமல் 100-இலோ 200-இலோ நிறுத்துவது நல்லது. வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும், நேர் வெயில் விழாத ஜன்னல். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளி நீலம் சாய்ந்தது, பல்பு ஒளி மஞ்சள் சாய்ந்தது, இரண்டும் கலந்தால் பையின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். அதை, படம் முழுவதன் நிறச் சாய்வையும் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸாலும் திருத்த முடியாது, லெவல்ஸாலும் முடியாது.

மென்பொருள் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பொருள் பெட்டிக்குள் போய்விட்டது, மறுபடி எடுக்க முடியாது என்றால் வலது முக்கோணம்தான் கதி. பழைய படங்கள் ஒரு கட்டு இருந்தால் இர்ஃபான்வியூவின் தொகுப்பு வசதியில் ஒரேயடியாக ஓட்டிவிடலாம். ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பாக, எடுக்கிறவர்களுக்கு நான் சொன்ன பயம் பாதிதான். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, 12 பிட் ராவில் 4096. பிளஸ் 1, பிளஸ் 2 அளவுக்குத் தூக்கினாலும் நிறம் குலையாது. ஒரு கோப்பையை விற்க ரா கோப்போடு மல்லுக்கட்டும் பொறுமை எனக்கு இல்லை என்பது வேறு கதை.

ஃபோனில் எடுப்பவர்களுக்கும் இதே வழிதான். பொருளைத் தொட்டதும் பெரும்பாலான ஃபோன்களில் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே இழுத்தால் அதுதான் பிளஸ்.

இதெல்லாம் தலைவலி என்றால் வெள்ளைத் தாளையே மாற்றிவிடலாம். நடுத்தரச் சாம்பல் நிற அட்டையோ துணியோ விரித்து எடுத்தால், கேமரா எதிர்பார்க்கும் சாம்பலே எதிரில் இருப்பதால் ஊகம் பெரிதாகத் தப்புவதில்லை. பிளஸ் தேவைப்படாது, தேவைப்பட்டாலும் ஒரு சின்னப் படிதான். கறுப்பு நிறப் பழைய ஃபிலிம் கேமராக்களை நான் இப்போது இப்படித்தான் எடுக்கிறேன். வெள்ளிநிறப் பொருள்களுக்கும் இதுவே நன்றாக இருக்கிறது, விளிம்பு பின்னணியில் கரைவதில்லை. பளிச்சென்ற வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மட்டும் பிளஸ் போட்டு எடுங்கள். எடுத்து முடித்ததும் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள், பல கேமராக்களில் அணைத்தாலும் அந்த அமைப்பு அப்படியே நிற்கும்.