போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.: யாருக்குச் சரிப்படும்?

ஆர்.டி. என்பது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேர்க்கும் தொடர் வைப்பு; வட்டிக்காக மட்டும் இதில் சேர்கிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள். 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதமாக்கினார்கள். அந்தக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 60 மாதத்தில் 60,000 போட்டு ஏறத்தாழ 71,366 வாங்கலாம். சுமாரான லாபம்தான்.

இதன் பலமே கெடு தேதிதான். 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு மாதாமாதம் 15க்குள் கட்ட வேண்டும். பிறகு தொடங்கியிருந்தால் மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள். சம்பளம் வந்த கையோடு இதை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குச் செலவுக் கை தானாகச் சுருங்கும். தள்ளுபடிப் பலகையைப் பார்த்ததும் பர்ஸைத் திறக்க மாட்டார். மாசக் கடைசியில் மிஞ்சினால் கட்டுவோம் என்கிறவர்தான் தவணை விடுவார். நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் சில்லறைதான். ஆனால் நாலு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்டவே முடியாது.

பெரும்பாலும் தொகையில்தான் சறுக்குவார்கள். ஆசையில் 5,000 போட்டு ஏழாம் மாசமே திணறுவதற்குப் பதில், 500இல் தொடங்கலாம் (குறைந்தபட்சம் 100தான்). தாங்கினால் இன்னொரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் முடிக்க விடமாட்டார்கள். அதன்பின் இடையில் முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அவசரமென்றால், 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதிவரை கடன் தருவார்கள். அதற்கு வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல்.

முகவரிடம் கட்டுகிறவர்கள் அவர் அட்டையில் எழுதுவதோடு விடாமல், பாஸ்புக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.