லிங்க்கைத் தடுக்கிறோம் என்று பணம் வாங்கி, வாடிக்கையாளர் செய்திகளை விழுங்கிவிட்டார்கள்

சொந்தமாகச் சின்ன இணையதளம் வைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தளத்தில் வாடிக்கையாளர் எழுதும் பெட்டி ஏதாவது இருந்து, அதில் வரும் போலி லிங்க்குகளைத் தடுக்க யாரிடமாவது வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் மரபு நெல் விதையும் அரிசியும் விற்கிறோம். ஒவ்வொரு ரகத்துக்கும் கீழே கேள்வி கேட்க ஒரு பெட்டி உண்டு. ஆர்டர் போடும்போது முகவரியோடு குறிப்பு எழுதவும் இடம் உண்டு. அந்தக் கேள்விப் பெட்டியில், 'உங்கள் பார்சல் நிற்கிறது, இங்கே அழுத்தி முகவரியைச் சரி செய்யுங்கள்' என்று யாரோ போலி லிங்க் போட ஆரம்பித்தார்கள். எங்களிடம் வாங்குகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். யாராவது அழுத்திப் பணத்தை இழந்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் போனோம். "லிங்க் எது, சும்மா எழுதினது எதுன்னு பிரிக்கிறது சின்ன வேலை சார், முழுசா டெஸ்ட் பண்ணிக் கொடுத்திடுறோம்" என்றார்கள். 18,000 ரூபாய் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் எழுதிக் கொடுத்த விதி இவ்வளவுதான்: இடைவெளி இல்லாமல் நடுவில் ஒரு புள்ளி வந்தால் அது லிங்க். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள். 'க.முருகன்' என்று இனிஷியலோடு பெயர் எழுதினால் லிங்க். முகவரியில் 'வ.உ.சி. தெரு' என்றால் லிங்க். '2.5 கிலோ' லிங்க். 'அரிசி வந்தது.நன்றி' என்று இடைவெளி விடாமல் தட்டினால் அதுவும் லிங்க். பணம் அனுப்பியவர் தன் யுபிஐ ஐடியைக் குறிப்பிட்டால், நடுவில் '@' இருக்கிறது, ஆகவே மின்னஞ்சல் என்று அதையும் கழித்துவிட்டது.

இதைவிட மோசம், கழித்ததை யாருக்கும் சொல்லவில்லை. எழுதியவருக்கு 'அனுப்பப்பட்டது' என்று காட்டும். எங்களுக்கு எதுவும் வராது. கேள்விகள் குறைந்துவிட்டன, போலி லிங்க்கும் காணோம், வேலை நன்றாக நடக்கிறது என்றே அந்த நிறுவனம் அறிக்கை கொடுத்தது. அப்புறம் தொலைபேசியில் திட்டு வர ஆரம்பித்தது. மாப்பிள்ளைச் சம்பா விதை கேட்டுப் பலமுறை எழுதிய ஒருவர், பதிலே வராததால் அந்த விதைப்புப் பட்டத்தையே தவறவிட்டார். அவருக்குப் போனது ஒரு பருவம். எதைக் கொடுத்தும் அதை ஈடுகட்ட முடியாது.

போய்க் கேட்டபோது, "கஸ்டமரை ஸ்பேஸ் விட்டு எழுதச் சொல்லுங்க சார்" என்றார்கள். பிறகு கூடுதலாக 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டாவது விதி எழுதினார்கள். இணைய முகவரிகளின் கடைசிப் பகுதிகளைப் பட்டியல் போட்டு, புள்ளிக்குப் பின் அவற்றில் ஒன்று வந்தால் லிங்க் என்றார்கள். இந்த முறை செய்தியைக் கழிக்காமல், கேட்காமலேயே நீல நிற லிங்க்காக மாற்றியது. ஆங்கில எழுத்தில் கலந்து எழுதுகிறவர்கள் இதில் மாட்டினார்கள். 'ரிசீவ்ட்.ஸோ ஹேப்பி' என்று ஒருவர் ஆங்கிலத்தில் தட்டினால், '.ஸோ' சோமாலியாவின் இணையக் குறியீடு. '10.ஏஎம்' என்று நேரம் எழுதினால் அது ஆர்மீனியாவுடையது. '.இட்' இத்தாலிக்கு, '.இஸ்' ஐஸ்லாந்துக்கு. '.ஜிப்' என்ற கோப்புப் பெயரின் வாலைக்கூட 2023 மே மாதத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இணைய முகவரியாகப் பதிவு செய்யலாம். நம் வாடிக்கையாளர் நன்றி சொல்லி எழுதியது, முன்பின் தெரியாத ஒருவரின் தளத்துக்கு வாசலாகிவிடுகிறது. எதைத் தடுக்கப் பணம் கொடுத்தோமோ அதையே இவர்கள் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கம், தமிழிலேயே '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகள் உண்டு. அவற்றை இவர்களுடைய விதி பார்க்கவே இல்லை, ஆங்கில எழுத்து மட்டும்தான் அதற்குத் தெரியும். கேட்டதும் 'எல்லா மொழி எழுத்தும்' சேர்த்தோம் என்றார்கள். அதுவும் உடைந்தது. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில், நம் மெய்ப்புள்ளியும் கொம்பு, கால், கொக்கி எல்லாமும் 'எழுத்து' என்ற வகையில் வராது, 'குறி' என்ற தனி வகை. அதைச் சேர்க்காமல் விட்டதால், 'இந்தியா' என்பதில் 'இந' வரை படித்துவிட்டு நின்றுவிட்டது. தமிழில் ஒரே ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இது எளிய வேலை இல்லை என்று எனக்கும் புரிகிறது. 2024 ஏப்ரலில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனமே தன் ஐபோன் செயலியில் இதில் சறுக்கியது. பதிவுகளில் 'ட்விட்டர்.காம்' என்று வரும் இடத்தையெல்லாம் 'எக்ஸ்.காம்' என்று மாற்றிக் காட்ட, முகவரி எங்கே தொடங்குகிறது என்று பார்க்காததால், 'நெட்ஃப்ளிட்விட்டர்.காம்' என்ற வேறொரு முகவரி 'நெட்ஃப்ளிக்ஸ்.காம்' என்று தெரிந்தது. அழுத்தினால் போவது வேறு இடத்துக்கு. ஆனால் அது வெளியே தெரிந்ததும் சரி செய்தார்கள். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் போனையே எடுப்பதில்லை.

யாரிடம் வேலை கொடுத்தாலும் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் செய்தியை அழிக்கக் கூடாது, நீங்கள் பார்த்து முடிவு செய்ய ஓர் இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். இணைய முகவரியின் தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபி' (http) முன்னால் இல்லாத எதையும் தானாக லிங்க் ஆக்கக் கூடாது. முகவரியில் 'எச்டிடிபி://'-க்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்பே '@' வந்தால், அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும் போகும் இடம் '@'-க்குப் பின்னால் இருப்பதுதான். அதனால் உண்மையான தளப் பெயரை மட்டும் காட்ட வேண்டும். பிறகு உங்கள் பழைய ஆர்டர்களிலிருந்து பெயர், முகவரி, குறிப்பு என்று கொஞ்சம் எடுத்து, அவர்கள் எதிரிலேயே போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

நாங்கள் அந்த விதியை எடுத்துவிட்டு, இப்போதைக்கு ஒவ்வொரு கேள்வியையும் படித்த பிறகே வெளியிடுகிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. கழிந்துபோன செய்திகள் சர்வரில் ஒரு கோப்பில் கிடைத்தன, எண் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு எழுதிப் பதில் வராமல் போனவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு போன் போடுங்கள். அடுத்த பட்டத்துக்கான விதையை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.