ராயக்கோட்டை ரோடு கோடிங் வகுப்பு: நம்பிச் சேரலாம்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் மாலை நேர வகுப்பு. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் தாராளமாகச் சேரலாம்.

கிரீடி அல்காரிதத்தை (ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததையே எடுத்துக்கொண்டு போகும் முறை) பாடம் எடுக்கும் அக்கா நடத்திய விதத்துக்காகவே இதை எழுதுகிறேன். போர்டில் 2, 3, 1, 1, 4 என்று ஒரு அர்ரே, அதாவது எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்திலிருந்து அதிகபட்சம் எத்தனை கட்டம் தாவலாம் என்பது. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டத்தை எட்ட முடியுமா? எல்லா வழியையும் ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் முறை) தேடினால் நேரம் எகிறிவிடும். “இதுவரை எட்டக்கூடிய தூரத்தை மட்டும் கையில் வை தம்பி” என்றார். வரிசையை ஒருமுறை கடந்துபோகும் ஒரே லூப்தான். இண்டெக்ஸ் (கட்டத்தின் எண், 0-இலிருந்து தொடங்கும்) 0-இல் தூரம் 2. இண்டெக்ஸ் 1-க்கு வந்ததும் 1 + 3 = 4, அதுதான் கடைசிக் கட்டம். அவ்வளவுதான், எட்டியாச்சு. அதுவே 3, 2, 1, 0, 4 என்றால் தூரம் 3-லேயே நின்றுவிடும்.

அப்புறம் கிரீடி காலை வாரிவிடும் இடத்தையும் காட்டினார். 1, 3, 4 ரூபாய் நாணயங்களில் 6 ரூபாய் சேர்க்க, பெரியதை முதலில் எடுத்தால் மூன்று நாணயம் வேண்டும். 3-ஐயே எடுத்தால் இரண்டு போதும். இதைச் சொல்லாமல் கிரீடி நடத்துவது அரைகுறைப் பாடம்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கிடையாது, அது ஒன்றுதான் குறை. பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பேட்ச் கேட்டு வாங்குங்கள்.