போஸ்ட் ரெஸ்டான்ட்: வீடில்லாதவனுக்கு ஒரு முகவரி

மூன்று மாதம் சைக்கிளில் ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டிருந்தேன். ராத்திரி எங்கே படுப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அக்கா அனுப்பிய மூக்குக்கண்ணாடியும் இரண்டு கடிதங்களும் கைக்கு வந்தன. காரணம், உறைமேல் எழுதிய இரண்டு சொல்: போஸ்ட் ரெஸ்டான்ட்.

பிரெஞ்சுச் சொல் இது. தங்கியிருக்கும் தபால் என்று பொருள். வீடு தேடிப் போகாது. தபால் நிலையத்திலேயே காத்திருக்கும், நாம்தான் போய் வாங்க வேண்டும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதால் அயல்நாட்டு உறைகளிலும் இந்தச் சொல் செல்லும். அமெரிக்காவில் ஜெனரல் டெலிவரி என்பார்கள், இத்தாலியில் ஃபெர்மோ போஸ்தா, ஜெர்மனியில் போஸ்ட்லாகெர்ண்ட்.

எழுதும் முறை எளிது. முதலில் பெயர், அடுத்த வரியில் போஸ்ட் ரெஸ்டான்ட், அப்புறம் தபால் நிலையம், ஊர், குறியீட்டு எண். வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

பெயரில்தான் வம்பு. உறைகளைக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அடுக்கி வைக்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதல் ஊரில் கவுண்டர்காரர் என் பெயரின் எழுத்துக்குரிய கட்டைப் பிரித்து, ரப்பர் உறை மாட்டிய கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கையை விரித்துவிட்டார். வாசல்வரை வந்த பிறகுதான் பொறி தட்டியது. திரும்பிப் போய் அப்பா பெயரைச் சொன்னேன். அந்த எழுத்தின் கட்டில் ஒன்பது நாளாகக் கிடந்தது கண்ணாடி! அப்போதிருந்து, எந்த எழுத்தில் தேட வேண்டுமோ அந்தப் பெயரைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போடச் சொல்லிவிட்டேன்.

எல்லாத் தபால் நிலையத்திலும் இந்த வசதி இருக்காது. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கெடுவும் உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 30 நாள். சில நாடுகளில் அதைவிடக் குறைவு. தாண்டினால் அனுப்பியவருக்கே போய்விடும். தனியார் கூரியரை இதற்கு நம்ப வேண்டாம்.

இந்த வசதிக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அந்த அகரவரிசைக்காக.

கடைசி உறையில் அக்கா 'போஸ்ட் ரெஸ்டாரன்ட்' என்று எழுதியிருந்தாள். அதுவும் வந்துசேர்ந்தது. கவுண்டரில் இருந்த அம்மா அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.